கோட்டு போட்ட உடம்பில் உன் முகம்

செங்கல்பட்டு, கடையிலிருந்து,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

அன்பு மகன் ஜோஷ்வாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் நானும் அப்பாவும் ஜாய்ஸும் இங்கே உயிரும் உடம்புமாக இருக்கிறோம், நீயும் ஷார்ஜாவில் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒரு தலைவலிகூட வராமல் இருக்க வேண்டும் என்று முழங்கால் போடும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தினமும்தான் போனில் மூஞ்சியைப் பார்த்துப் பேசுகிறோமே, இந்த அம்மாவுக்கு என்ன பைத்தியம் பிடித்துப் பேனா எடுத்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை நைனா. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், பக்கத்தில் ஜாய்ஸ் இருப்பாள், கல்யாணப் பெண் காதில் இது விழ வேண்டாம். வாட்ஸ்அப்பில் எழுதவும் பயமாக இருக்கிறது, ஒன்றை எழுதினால் அது யார் யார் கைக்குப் போகும் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. மாடி வீட்டு சுஜாதா நாளைக்குத் தன் வீட்டுக்காரரிடம் அங்கே வருகிறாள் அல்லவா, அவள் கையில் நெத்திலிக் கருவாடும் இட்லிப் பொடியும் கொடுத்து அந்தப் பைக்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். ரூமில் ஆள் இருக்கும்போது பிரிக்காதே, தனியாக உட்கார்ந்து படி.

சுற்றி வளைக்கவில்லை, நேராகச் சொல்கிறேன். ஜாய்ஸ் கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம். கோபப்படாமல் மேலே படி. கூடப் பிறந்தவள் கல்யாணத்துக்கு அண்ணன் இல்லாமலா என்று மாப்பிள்ளை ஆல்வின் வீட்டில் கேட்பார்கள், லீவு கொடுக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன், ஜாய்ஸ் அழுவாள், அழட்டும், அண்ணன் முழுசாக இருந்தால் பிறகு எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். நீ ஏர்போர்ட்டில் இறங்கி ஜிஎஸ்டி ரோட்டில் வரும்போது எங்கேயாவது ஒரு டீக்கடையில் நிறுத்தினால் போதும், உன்னை அடையாளம் கண்டுபிடித்து அடித்துவிடுவார்கள். மிகைப்படுத்தவில்லை, உன் அப்பாவையே கேள். இந்தப் பக்கம் எத்தனையோ பேர் உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நீ ஒரு பாவமும் செய்யவில்லை. செய்தவள் இந்தப் பேனர் கடைக்குள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.

கதை உனக்குப் பாதி தெரியும். அந்தப் பல் டாக்டர் போர்டில் உன் படத்தைப் போட்டு அனுப்பினேன், நீ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஏம்மா நெட்ல படமே இல்லியா, என் மூஞ்சிதான் கிடைச்சிதா என்று கேட்டாய். இல்லாமல் என்ன, நெட்டில் ஸ்டாக் படம் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் காசு கொடுத்து வாங்காவிட்டால் குறுக்கே கம்பெனிப் பெயர் கோடு கோடாக ஓடும், சும்மா கிடைக்கிற படத்திலெல்லாம் வெள்ளைக்காரனும் வடக்கத்திக்காரனும்தான் இருக்கிறான். வருகிறவர்கள் எல்லாம், யக்கா, நம்ம ஊரு மூஞ்சியா போடுக்கா என்கிறார்கள். நம்ம ஊரு மூஞ்சிக்கு நான் எங்கே போவேன், என் பிள்ளை மூஞ்சி இருந்தது. பல் டாக்டருக்கு அடுத்து டிரைவிங் ஸ்கூலுக்குப் போட்டேன், அப்புறம் கம்ப்யூட்டர் சென்டர், அப்புறம் ஜிம்மில் யாரோ ஒருத்தன் உடம்பில் உன் தலையை வைத்தேன். அதை உனக்கு அனுப்பவே இல்லை, வெட்கமாக இருந்தது. காரணம் காசு மட்டும் இல்லை நைனா. நீ போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடந்தது, பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் பல் டாக்டர் மாடியில் நீ சிரிப்பாய், ரயில்வே கேட் தாண்டினால் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு நிற்பாய். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளிடம் இது என் மகன் என்று சொல்ல நாக்கு துடிக்கும், சொல்ல மாட்டேன், கண் பட்டுவிடும். இப்போது ஒரு கண்ணா படுகிறது.

உன் காலேஜ் ஐடி கார்டு படம் எவ்வளவு சின்னது, உனக்கே தெரியும், விரல் நகம் அளவு. அதைப் பெரிசாக்கினால் முன்பெல்லாம் படம் உடைந்துவிடும், கட்டம் கட்டமாகத் தெரியும். ஜாய்ஸ்தான் அவள் ஆபீஸில் யாரிடமோ கேட்டு வந்து ஏஐ ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். படத்தை உள்ளே போட்டு ஒரு பட்டனைத் தட்டினால் மயிர்க்கால் தெரிகிற மாதிரி ஹெச்டி ஆகிவிடுகிறது. முதல் தடவை பார்த்தபோது நீ எதிரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன், உன் இடது புருவத்தில் வெட்டு இல்லை. காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் போய்ப் பாறையில் வழுக்கி விழுந்தாயே, ரத்தம் நிற்காமல் அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாரே, அந்த இடத்தில் அது புதிதாக முடி முளைக்க வைத்துவிட்டது. தெத்துப்பல்லை வரிசையில் தள்ளி வைத்துவிட்டது. நிறத்தையும் கொஞ்சம் வெளுத்துவிட்டது. உங்கப்பா பார்த்துவிட்டு, எம்புள்ள கறுப்புதான், அவன இன்னாத்துக்கு வெளுத்து வச்சிகீறே என்று சத்தம் போட்டார். நிறத்தை மட்டும் பழையபடி கொண்டுவந்தேன். புருவத்தையும் பல்லையும் அப்படியே விட்டுவிட்டேன், அழகாகத்தானே இருக்கிறது என்று. பெற்றவளுக்கே புத்தி இப்படிப் போனது.

போன ஆடி மாதம் ஒருத்தன் வந்தான். வெங்கடேசன் என்றான், அது நிஜப் பெயரோ பொய்ப் பெயரோ. வெளிநாட்டுக்கு வேலைக்கு ஆள் அனுப்புகிற கம்பெனி திறக்கிறேன், மாமல்லபுரம் போகிற வழியில் ஆபீஸ் என்றான். கம்பெனிப் பெயரை எழுதக்கூட எனக்குக் கை கூசுகிறது. மேடம், பாத்தா நம்பற மாதிரி ஒரு பையன் படம் வேணும், கோட்டு போட்டிருக்கணும் என்றான். நம் கடையில் கோட்டு போட்ட உடம்பு ஒரு ஃபைல் நிறைய இருக்கிறது, கழுத்துக்கு மேலே யார் தலையை வேண்டுமானாலும் வைக்கலாம், கல்யாண பேனர் எல்லாம் அப்படித்தானே ஓடுகிறது. உன் தலையை வைத்தேன். பின்னால் நெட்டில் எடுத்த உயர உயரமான கட்டடம், மேலே ஒரு விமானம். என்ன வாசகம் போடட்டும் என்று கேட்டேன். நான் போனேன், நன்றாக இருக்கிறேன், நீங்களும் வாருங்கள் என்று போடச் சொன்னான். இது உண்மைதானே என்று எனக்குத் தோன்றியது ஜோஷ்வா. நீ நிஜமாகவே போயிருக்கிறாய், நிஜமாகவே நன்றாக இருக்கிறாய், இதில் என்ன பொய் இருக்கிறது என்று நினைத்து நானே டைப் செய்தேன். நீ போனது வேறு வழியில், உன் படிப்புக்குக் கிடைத்த வேலை, அந்தக் கம்பெனிக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லை என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் உறைக்கவே இல்லை. பேனர் ஏறின அன்றைக்கு அப்பாவை வண்டியில் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். லாரி உயரத்துக்கு நின்றுகொண்டு சிரிக்கிறாய். பெருமை தாங்காமல் அங்கேயே நின்று இளநீர் குடித்துவிட்டு வந்தோம்.

மாசி மாதம் ஆபீஸைப் பூட்டிவிட்டு அவன் ஓடிவிட்டான். பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் ஒரு பக்கம், ஏற்கெனவே போய்ச் சேர்ந்து அங்கே வேலையும் இல்லாமல் பேப்பரும் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் ஒரு பக்கம். அந்த வெங்கடேசனை யாரும் சரியாகப் பார்க்கவில்லை, பார்த்தவர்களுக்கும் முகம் நினைவில்லை, மாஸ்க் போட்டுக்கொண்டே திரிந்திருக்கிறான். எல்லாருக்கும் தெரிந்த முகம் ஒன்றுதான். இவன்தான் ஓனர் என்று ஒருத்தன் சொல்ல, இல்லை ஓனருடைய மச்சான் என்று இன்னொருத்தன் சொல்ல, பேனர் படம் போன் போனாகப் போய்விட்டது. திருக்கழுக்குன்றம் ரோட்டில் அந்தப் பேனரைக் கிழித்து, உன் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, மின்கம்பத்தில் கட்டி, செருப்பு மாலை போட்டிருந்தார்கள். கண் இரண்டையும் சிகரெட்டால் சுட்டிருந்தார்கள் நைனா. நான் பஸ்ஸில் இருந்தேன். ஐயோ என்று கத்திவிட்டேன், கண்டக்டர் என்னம்மா என்றார், கால் சுளுக்கு என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

உங்கப்பாவுக்கு அதைவிட மோசம். மறைமலைநகர் போகிற கம்பெனி பஸ்ஸில் பின் சீட்டில் நாலு பேர் போனைக் கை மாற்றி, இந்த மூஞ்சிய நல்லா பாத்து வச்சிக்கோ, எங்க கண்டாலும் கை கால எடுத்துடணும் என்று பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். போனை அப்பா கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தாவீது அண்ணே, இவன எங்கியாவது கண்டுகீறீங்களா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்காமல் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து சர்க்கரை ஏறி நிற்கிறது, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், நீ போனில் கேட்டபோது கல்யாண அலைச்சல் என்று சொன்னேன், பொய். பல் டாக்டர் போர்டையும் டிரைவிங் ஸ்கூல் போர்டையும் நானே என் செலவில் மாற்றிக் கொடுத்துவிட்டேன், டிசைன் பழசாகிவிட்டது என்று சொன்னேன். ஜிம்காரர் மட்டும் இன்னும் மசியவில்லை. அந்தத் தெருப்பக்கமே நான் இப்போது போவதில்லை.

இதோடு நின்றிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். போன வாரம் கடைக்கு ஆறேழு பேர் வந்தார்கள், முன்னால் ஒரு பொம்பளை, என் வயதுதான் இருக்கும். எல்லம்மாள் என்று பெயர், கருங்குழி தாண்டி உள்ளே ஊர். அவர்கள் ஏமாந்தவர்கள், போஸ்டர் அடிக்க வந்திருக்கிறார்கள். செங்கல்பட்டில் எத்தனையோ கடை இருக்க என் கடைக்கு வந்து, போனை நீட்டி, யக்கா, இந்த நாயோட மூஞ்சிய பெருசா போட்டு, இவன கண்டா இந்த நம்பருக்கு சொல்லுங்கோன்னு எழுதிக் குடுக்கா என்றாள் அந்த அம்மாள். நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய் அந்தப் போனில். அவர்கள் தலைக்கு மேலே சுவரில் சர்ச்சில் உனக்குத் திடப்படுத்தல் கொடுத்த அன்றைக்கு எடுத்த படம் மாட்டியிருக்கிறது, வெள்ளைச் சட்டையும் கையில் வேதமுமாக, சின்ன வயதுப் படம். யாராவது நிமிர்ந்து பார்த்தால் என்ன ஆகும். மிஷின் ரிப்பேர், நாளைக்கு வாங்க என்றேன். அவர்கள் படி இறங்கினதும் அந்தப் படத்தைக் கழற்றி டிராயருக்குள் கவிழ்த்து வைத்துப் பூட்டினேன். பெற்ற பிள்ளையை ஒளித்து வைத்த கை இது.

அதற்கப்புறம் செய்ததைச் சொன்னால் நீ என்னை மன்னிப்பாயோ மாட்டாயோ. ஏஐ இருக்கிறதே, ஒரு முகத்தை இன்னொரு முகமாக மாற்றுவதற்கு எவ்வளவு நேரம். மூக்கைக் கொஞ்சம் அகலமாக்கினேன், தாடையைச் சதுரமாக்கினேன், தலைமுடியை மாற்றினேன். யாருமே இல்லாத ஒரு பையன் வந்தான். இவனைத் தேடட்டும், இவன்தான் உலகத்திலேயே இல்லையே, யாருக்கும் நஷ்டம் இல்லை என்று அதைப் போஸ்டரில் போட்டு எல்லம்மாள் போனுக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டுத் திரும்ப அந்த முகத்தைப் பார்த்தால், இந்த ஜாடையில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று தோன்றியது. நம் சபையிலேயே பியானோ வாசிக்கிற பையனுக்கு அதே தாடை. ஐயோ என்று தலையில் கை வைப்பதற்குள் போன் வந்துவிட்டது. யக்கா, இது அவன் இல்ல, நீ வேற எவனையோ போட்டுட்ட, அந்த மூஞ்சி எனக்கு மனப்பாடமா கீது, செத்தாலும் மறக்க மாட்டேன் என்றாள். என்மேல் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை, மிஷின் கோளாறு என்றே நினைத்துவிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் அவள் மட்டும் தனியாக வந்தாள். போஸ்டர் கிடக்கட்டும் யக்கா, மொதல்ல இத்த கொஞ்சம் தெளிவா ஆக்கிக் குடு, மனு குடுக்கற எடத்துல மூஞ்சி தெரியலன்றாங்க என்று இன்னொரு படத்தைக் காட்டினாள். அவள் மகன் வரதன், ஒரே மகன், ஐப்பசியில் அந்தக் கம்பெனி மூலமாக அங்கே வந்திருக்கிறான். வேலை விசா என்று சொல்லி விசிட் விசாவில் அனுப்பியிருக்கிறார்கள், வந்த இடத்தில் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டுவிட்டார்களாம். ரெண்டு தடவை பேசியிருக்கிறான், இந்தப் படத்தை அனுப்பியிருக்கிறான், பிறகு போன் போகவே இல்லை. அழாமல்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாணான்னுதான் சொன்னேன்கா, அவன்தான் பேனரைக் காட்டி, இந்த அண்ணன் மூஞ்சிய பாரும்மா, பொய் சொல்ற மூஞ்சியா இது, நம்மள மாதிரி புள்ளதான், இவரே போய் நல்லா கீறாரேன்னு சொன்னான், எனக்கும் அந்த மூஞ்சிய பாத்துட்டு வாய் அடைச்சிப் போச்சி, சரி போடான்னுட்டேன் என்றாள். 

படத்தை உள்ளே போட்டுப் பட்டனைத் தட்டினேன். பளிச்சென்று வந்தது, கண் இமை தனித்தனியாகத் தெரிகிறது. எல்லம்மாள் கிட்ட வந்து பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள். இது யாரு என்றாள். உன் பிள்ளைதானே என்றேன். இல்லக்கா, எம்புள்ள இல்ல, எம்புள்ளைக்கு கண்ணு இப்பிடி இருக்காது, இது எவனோ பணக்கார வூட்டுப் புள்ள மாதிரி கீது, எம்புள்ளய குடு, பழசையே குடு என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். எனக்குத் தாங்கவில்லை ஜோஷ்வா. உன் புருவத்தை அது மூடியபோது நான் அழகு என்று விட்டுவிட்டேன், இந்தப் பொம்பளை பார்த்த நொடியில் இது என் பிள்ளை இல்லை என்கிறாள். டிராயரைத் திறந்து உன் படத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அந்தப் பேனரில் இருக்கிறவன் இவன்தான், இவன் என் மகன், இவனுக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் படத்தைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். இவனுக்கு புருவத்துல வெட்டு கீதே என்றாள். ஆமாம் என்றேன். பல்லு கூட இப்பிடி கீதே என்றாள். ஆமாம் என்றேன். இப்ப எங்க கீறான் என்றாள். ஷார்ஜாவில் என்று சொன்னதும் அவள் முகம் மாறிப்போனது. படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்போ நெஜமாவே அங்கதான் கீறானா, போய் எம்புள்ளய பாக்க சொல்லு, எம்புள்ள கொரல் என் காதுல விழற வரைக்கும் நான் யார்கிட்டயும் வாய தொறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அது சத்தியமா, மிரட்டலா, எனக்குத் தெரியவில்லை. ரெண்டும்தான் என்கிறார் அப்பா. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஆறேழு பேருக்கும் நம் கடை தெரியும், வீடு தெரிவதற்கு எவ்வளவு நேரம். வாசலில் பைக் சத்தம் கேட்டாலே எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். சிறுசேரி ஆபீஸிலிருந்து வருகிற ஜாய்ஸின் கேப் கொஞ்சம் தாமதமானால் தெருமுனைக்கு ஓடிப்போய் நிற்கிறேன், ஏம்மா இப்டி பேஜாரு பண்றே என்று அவள் திட்டுகிறாள்.

இப்போது நான் கேட்கப்போவதை எந்த அம்மாவும் கேட்க மாட்டாள். இங்கே வராதே, அடிப்பார்கள் என்று எழுதின அதே கையால் எழுதுகிறேன், அங்கே போ. அந்தப் பிள்ளையைத் தேடு. உனக்குப் பக்கத்தில் இருக்கிற அஜ்மானில் வேலையாட்கள் தங்குகிற ஏதோ கேம்ப் என்று மட்டும்தான் எல்லம்மாளுக்குத் தெரிகிறது. ரூமுக்கு எதிரில் டயர் கடை இருக்கிறதாம், மாடியில் நின்றால் சிமெண்ட் கம்பெனிப் புகை தெரியும் என்று சொல்லியிருக்கிறான். அவன் அனுப்பின படத்தை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன், மங்கலாகத்தான் இருக்கும், நான் ஒரு பட்டனும் தட்டவில்லை. ஹெச்டி ஆக்கினதில் அவன் பின்னால் இருக்கிற கடை போர்டில் எழுத்தெல்லாம் ஒரு பாஷையும் இல்லாத கிறுக்கலாக மாறிவிட்டது. இந்த மங்கலில் உற்றுப் பார்த்தால் மலையாள எழுத்து ரெண்டு மாதிரித் தெரிகிறது, உன் ரூமில் இருக்கிற மலையாளப் பையனிடம் காட்டு. நீயும் போனில் வைத்துப் பெரிசாக்கிப் பார்க்காதே, இருக்கிறபடியே பார். தனியாகப் போகாதே, சபை ஆட்களில் ரெண்டு பேரைக் கூட்டிக்கொள், பாஸ்போர்ட்டை ரூமிலேயே பூட்டி வை, கையில் நகல் மட்டும் இருக்கட்டும். இந்த மாதிரி மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவுகிறவர்கள் அங்கே இருப்பார்கள், விசாரித்து அவர்களையும் கூப்பிட்டுக்கொள். அந்த இடத்தில் எப்படிப்பட்டவர்கள் இருப்பார்களோ. போகாதே என்று எழுதிவிட்டு இந்தத் தாளைக் கிழித்துவிடலாமா என்று பேனாவை வைத்துவிட்டு எழுந்துகூடப் போனேன். அந்தப் பொம்பளை தினமும் காலையில் வந்து கடை எதிரில் நிற்கிறாள் நைனா, உள்ளே வருவதில்லை, ஒன்றும் கேட்பதில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள். இன்றைக்கும் வந்துவிட்டுப் போனாள்.

போலீசில் நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று முடிவு செய்திருக்கிறேன், வெங்கடேசன் கொடுத்த நம்பர், அவன் அனுப்பின மெசேஜ் எல்லாம் என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அப்பா லீவு போட்டுக்கொண்டு கூட வருகிறார். அதனால் என்ன வந்தாலும் என் தலையோடு போகட்டும், கல்யாணம் நிற்காது, ஆல்வினிடம் அப்பா பேசிவிட்டார், தங்கமான பிள்ளை, நான் இருக்கேன் மாமா என்று மட்டும் சொன்னானாம். ஜாய்ஸிடம் நீ ஒன்றும் உளறிவிடாதே. கடிதம் கைக்கு வந்ததும் போன் செய்து கருவாடு வந்தது என்று மட்டும் சொல், படித்துவிட்டாய் என்று புரிந்துகொள்வேன். உன் தலைமேல் என் ரெண்டு கையும் இருப்பதாக நினைத்துக்கொள், நீ வீட்டுக்கு வந்து சேர்கிற வரைக்கும் ஆண்டவரும் தம் கையை உன்மேலிருந்து எடுக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். சாப்பிடாமல் போகாதே.

இன்னும் ஒன்று. நீ அவனைத் தேடிப் பிடிப்பதற்கு முன்னால் அவன் உன்னைக் கண்டுபிடித்துவிடுவான். இந்த முகத்தை நம்பித்தான் கடல் தாண்டி வந்திருக்கிறான், கூட்டத்தில் நின்றாலும் உன்னைத் தெரியும் அவனுக்கு. உன் சட்டையைப் பிடிப்பான், இரண்டு அறை விட்டாலும் விடுவான். ஓடிவிடாதே ராஜா. அது எனக்கு விழ வேண்டிய அறை, எனக்காக வாங்கிக்கொள். அவன் பிடித்த கையை மட்டும் நீ விட்டுவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடு. நம்பர் படத்துக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

உன் அம்மா,
ரெபேக்காள்